எந்தச் செல்லில் தொடங்கியது

அருள்,

இந்தக் கடிதத்தை ஆபீசில் வைத்துப் பிரிக்காதே. வீட்டுக்குப் போய், சாப்பிட்டு முடித்துவிட்டு, உட்கார்ந்து படி. ஃபோனில் சொல்லக்கூடியதாக இருந்தால் ஃபோனிலேயே சொல்லியிருப்பேன். ஃபோனில் நான் ஆரம்பித்தால் நீ நடுவிலேயே "சரிம்மா, விடுங்க" என்பாய். நானும் விட்டுவிடுவேன். இருபத்தோரு வருஷமாக நாம் இருவரும் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். இதன் நகல் ஒன்றை வெண்ணந்தூரில் அவள் அம்மா வீட்டில் இருக்கும் கவிதாவுக்கும் அனுப்பியிருக்கிறேன். அவள் அதை யாரிடம் காட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் கையெழுத்து கொஞ்சம் நடுங்கும். எழுபத்து நான்கு வயதுக்கு இது மோசமில்லை.

போன வாரம் வளைகாப்புக்குச் சென்னையிலிருந்து வந்தாய். பந்தி முடியும் வரைக்கும் வாசலிலேயே நின்றாய். சாயங்காலமே பஸ் ஏறிவிட்டாய். கவிதாவின் கன்னத்தில் சந்தனம் பூச உன்னைக் கூப்பிட்டபோது, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்துபோனதை நான் பார்த்தேன். கூச்சம் என்று எல்லாரும் சிரித்தார்கள். நீ போன பிறகு கவிதா என்னை உள் அறைக்குக் கூப்பிட்டாள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல், உட்காரவே சிரமப்பட்டாள்.

"அத்தை, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளு."

"கொழந்தையத் தூக்க மாட்டேங்கறாருங்க அவரு. பொறந்ததும் கையில குடுத்தாக்கூட வாங்க மாட்டாராமா. என் கை ஆகாத கை, எங்கக்கா உசுரு இந்தக் கையாலதான் போச்சுங்கறாரு. ஸ்கேன் எடுக்கப் போறப்பல்லாம் வாய் நல்லா இருக்குதா, நாக்கு நல்லா இருக்குதான்னு அந்த டாக்டரம்மாளப் போட்டுக் கேக்கறாரு. அந்தம்மா ஒருக்காச் சிரிச்சே போட்டாங்க. எனக்குச் சிரிப்பு வரலீங்க. அப்படி என்னதாங்க செஞ்சாரு?"

"அவனுக்கு நான் எழுதறேன்" என்று மட்டும் சொன்னேன். ராசிபுரம் திரும்புகிற பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் ஏதோ கேட்டாள், அது என் காதில் ஏறவில்லை.

முதலில் சொல்லவேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கையால் உன் அக்கா ஜெசிந்தா சாகவில்லை. நீ அடித்த அடியால் அவள் நாக்கில் அந்தக் கட்டி வரவில்லை. இது எனக்கு அன்றைக்கே தெரியும். டாக்டர் என்னிடம் தெளிவாகச் சொன்னார், அதுவும் நான் கேட்டுத்தான் சொன்னார். நான் அதை உன்னிடம் சொல்லவில்லை. மறந்து போனதால் அல்ல. வேண்டுமென்றுதான் சொல்லவில்லை. இனி எழுதப்போவதெல்லாம் ஏன் சொல்லவில்லை என்பதைப் பற்றித்தான். இதற்குமேல் படிக்க முடியாவிட்டால் இந்த ஒரு பத்தியையாவது வைத்துக்கொள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு உனக்குப் பதினைந்து வயது, அவளுக்குப் பத்தொன்பது. நட்சத்திரம் கட்டுவதற்காக, நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையிலிருந்து அப்பா இரும்புப் பட்டையிலேயே ஒரு சட்டம் அடித்துக் கொண்டுவந்திருந்தார். நீ ஸ்டூல்மேல் நின்றாய். அவள் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் நீ வாங்கிய மார்க்கை என் குரலிலேயே அவள் வாசித்தாள். என்னைப் போலப் பேசுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. "அருள், இந்த மார்க்கை நட்சத்திரத்துக்குள்ள பல்பா மாட்டலாமா? ஊருக்கே வெளிச்சம் தெரியும்." நீ கோபத்தில் சட்டத்தை வீசினாய். அது அவள் தாடையில் பட்டது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். புதுச் சுடிதாரில் ரத்தம். பக்கத்து வீட்டார் முன்னாலேயே நான் உன்னை அறைந்தேன். "விடுங்கம்மா, நான்தான் சீண்டுனேன்" என்று வாயைப் பொத்திக்கொண்டு அவள்தான் குறுக்கே வந்தாள். நீ செய்தது தவறு. இரும்பைத் தூக்கி ஒருத்தர்மேல் வீசுவது தவறு. ஆனால் அது அந்தச் சாயங்காலத்தோடு முடிந்துபோன தவறு. அதற்கான அறையை நீ அப்போதே வாங்கிவிட்டாய்.

இரண்டு மூன்று வாரம் கழித்து, நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது அவள் வந்து நின்றாள். "அம்மா, நாக்குல பின்னாடி ஒரு தடிப்பு இருக்குதும்மா. வலிக்கல. பல்லுல பட்டாத் தெரியுது." நான் தலையைத் தூக்கவில்லை. "கடிச்ச எடம் தடிச்சிருக்கும். உப்புத் தண்ணி கொப்பளி. நாக்கால நோண்டிக்கிட்டே இருக்காதே" என்றேன். அவள் போகவில்லை. "பாக்கறீங்களா?" என்றாள். "இந்தக் கட்டு முடியட்டும்" என்றேன். கட்டு முடிந்தது. நான் அவளைக் கூப்பிடவில்லை. அவளும் திரும்ப வரவில்லை. பத்தாம் வகுப்புப் பெண்களுக்குச் செல் பிரிவைக் கரும்பலகையில் நாலு நிறச் சாக்பீஸில் வரைந்து காட்டியவள் நான். என் மகள் வாயைத் திறந்து காட்டத் தயாராக நின்றபோது, கையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.

தவக்காலம் தொடங்கியதும் அவள் பூசையில் நன்மை வாங்க எழுவதை நிறுத்திவிட்டாள். உனக்கு நினைவிருக்கும், அப்போது நம் கோயிலில் அப்பத்தைக் கையில் வாங்கும் வழக்கம் வரவில்லை. பீடத்துக்கு முன்னால் போய் நாக்கை நீட்டவேண்டும், சாமியார் வைப்பார். நாம் உட்காருவது இடப்பக்கம் மூன்றாவது வரிசை. அந்த வரிசையில் ஒருத்தி எழாமல் உட்கார்ந்திருந்தால் கோயில் முழுக்கத் தெரியும். கல்யாணமாகாத பெண் நன்மை வாங்காமல் இருந்தால், ஏதோ பாவம் செய்துவிட்டாள், அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லத் துணிவில்லை என்றுதான் நம் ஆட்கள் நினைப்பார்கள். எந்தப் பாவம் என்று யாரும் கேட்கவேண்டியதில்லை. அவர்கள் நினைத்ததைத்தான் நானும் நினைத்தேன். பெற்றவள் கொஞ்சம் வேறுமாதிரி நினைத்திருக்கலாம். கன்னியாஸ்திரீகளிடம் படித்து, ஒரு நாள் பூசை தவறாமல் வளர்ந்தவள் என்ற பெருமை என்னை அதற்கு விடவில்லை.

"யாரு அவன்?" என்று கேட்டேன்.

"எவன்மா?"

"அதை நீதான் சொல்லணும்."

"நெசமாவே யாரும் இல்லைங்கம்மா. நீங்க வேணா ஒரு லிஸ்ட் குடுங்க, அதுல ஒருத்தனப் பாத்துச் சொல்றேன்."

அவளை அடித்தேன். அதற்கப்புறம் அவள் என்னிடம் கேலி பேசவே இல்லை. சேலம் காலேஜுக்குப் போகிற பஸ்வரைக்கும் அப்பாவைத் துணைக்கு அனுப்பினேன். அவள் பையைத் துழாவினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததை அவள் சாமர்த்தியத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன். சாப்பாடு குறைந்தது, காதல் ஏக்கம் என்றேன். பேச்சு குழறத் தொடங்கியது, அலட்சியம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவள் வாசித்துவந்த முதல் வாசகத்தைப் பிடுங்கி வேறொரு பெண்ணிடம் கொடுத்தேன். "சொல்லை மென்னு துப்புற. ஆண்டவர் வாக்கை இப்படி வாசிக்கறதுக்கு வாசிக்காம இருக்கலாம்" என்று பீடத்துக்குப் பின்னறையான சக்கிரிஸ்டியில் நாலு பேர் முன்னால் சொன்னேன். அப்பா ஒருநாள் மெதுவாகக் கேட்டார், "புள்ள ரொம்ப எளைச்சுப் போச்சு. டாக்டர்கிட்டக் காட்டிப் போடலாமா?" "டாக்டர்கிட்டக் காட்டற நோயில்ல அது" என்றேன். என்னோடு வாழ்ந்த முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் பேசாமல் விட்டது நிறைய.

நடந்தது இதுதான். அவளுக்கு நாக்கை நீட்டப் பயம். நீட்டினால் சாமியார் பார்ப்பார், பக்கத்தில் தட்டு ஏந்தி நிற்கிறவர் பார்ப்பார், ஊர் பார்க்கும். அவ்வளவுதான் அவள் பாவம்.

செப்டம்பர் எட்டு, மாதா பிறந்தநாள் பூசை. கோயில் நிறையக் கூட்டம். நன்மை வேளையில் நான் அவள் முழங்கையைப் பிடித்தேன். "எழுந்திரு." "வேணாம்மா." "எழுந்திருன்னேன்." எனக்கு முன்னால் அவளை நிறுத்தி வரிசையில் நடத்திக் கூட்டிப்போனேன். அவள் வாயைத் திறந்து நாக்கை நீட்டியபோது நான் பின்னால் நின்றேன். சாமியாரின் முகம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. தூக்கிய கை அப்படியே நின்றது. அப்பத்தைத் திரும்பப் பாத்திரத்தில் வைத்தார். குனிந்து மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் சட்டையில் மைக் இருந்தது. "டீச்சர், இந்தப் பிள்ளையை மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க." கோயில் முழுக்கக் கேட்டது. நீ பாடகர் குழுவில் நின்றிருந்தாய், உனக்கும் கேட்டிருக்கும்.

வெளியே குழாயடியில் நிறுத்தி அவளை வாயைத் திறக்கச் சொன்னேன். எட்டு மாதம் கழித்துச் சொன்னேன். நாக்கின் இடப்பக்கம், பின்பகுதியில், சின்ன எலுமிச்சங்காய் அளவுக்கு இருந்தது. மேலே நீலமும் சிவப்புமாக ரத்தநாளங்கள் ஓடின. விரலை வைத்தேன், அது துடித்தது. அவள் அழவில்லை. "ஒரு தடவ சொன்னேனேம்மா" என்றாள். பிறகு என் சேலைத் தலைப்பிலேயே வாயைத் துடைத்துக்கொண்டாள்.

சேலத்தில் கட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. நீயும் அப்பாவும் வராந்தாவில் இருந்தீர்கள். படம் எடுத்ததில் இரண்டு நுரையீரலிலும் புள்ளிகள் இருந்தன. ஒரு வாரம் கழித்து, திசுவைப் பார்த்த டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். சின்ன அறை, ஒரே மேஜை, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய மைக்ராஸ்கோப். "நீங்க ஸுவாலஜி டீச்சர்னு சொன்னாங்க. அப்ப நீங்களே பாருங்க" என்றார்.

பார்த்தேன். செல்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன, ஒவ்வொரு கூட்டத்தையும் சுற்றி மெல்லிய ரத்தக்குழாய் வேலி போட்டதுபோல் ஓடியது. கூட்டத்தின் நடுவில் செல்கள் உதிர்ந்துபோன இடம் காலியாக இருந்தது, நுரையீரலின் காற்றறைகளைப் போல. வேறு சாயம் ஏற்றிய இன்னொரு ஸ்லைடில், செல்லுக்குள்ளேயே ஊசி ஊசியாகப் படிகங்கள் மினுங்கின. அழகாக இருந்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. என் மகளைக் கொல்லப்போகிற ஒன்றை ஒரு நல்ல படத்தைப் பார்ப்பதுபோல ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இது எந்தத் திசு டாக்டர்?"

"மென்திசுவுல வர்ற கட்டி. ரொம்ப அபூர்வம். வாயோட மேல்தோல்ல வர்ற சாதாரணப் புத்து இல்ல. புகையில, வெத்தலைக்கெல்லாம் இதுல சம்பந்தம் கெடையாது."

"மென்திசுன்னா தசையா, நரம்பா, கொழுப்பா? எந்தச் செல்லுல ஆரம்பிச்சது?"

"அதுதான் டீச்சர் சிக்கல். மொதல்ல நரம்போட சேர்ந்த செல்லுன்னாங்க. அப்பறம் தசையா மாறவேண்டிய செல்லுன்னாங்க. ஒவ்வொண்ணா சோதிச்சுப் பாத்து, அதுவும் சரியா பொருந்தலன்னுட்டாங்க. மத்தக் கட்டிக்கெல்லாம் இன்ன செல்லுல பொறந்ததுன்னு சொல்லலாம். இதுக்குத் தாய்ச்செல் எதுன்னு யாருக்கும் தெரியாது."

அப்போதுதான் அதைக் கேட்டேன். "கிறிஸ்துமஸ் சமயத்துல தம்பி அடிச்சதுல நாக்கைக் கடிச்சுக்கிட்டா. அதுல வந்திருக்குமா?"

"வராது" என்றார். யோசிக்கவே இல்லை. "இது மெதுவா வளர்ற ஜாதி. இந்த அளவுக்கு வந்திருக்குன்னா அடிபடறதுக்கு ரொம்ப முன்னாலயே உள்ள இருந்திருக்கும். அடிபட்டதால நாக்கு அங்க போய்த் தடவிப் பாத்திருக்கும், தெரிஞ்சிருக்கும். ஒரு விதத்துல அந்தப் பையன் உங்களுக்கு உதவிதான் பண்ணியிருக்கான்."

அடுத்ததையும் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஜனவரியிலேயே கூட்டிட்டு வந்திருந்தா?" அவர் ஸ்லைடை எடுத்து, துடைத்து, பெட்டியில் வைத்தார். "சின்னதா இருக்கறப்ப எடுத்தா நல்லதுதான். நாக்குல வர்றது சின்னதா இருக்கறப்பவே எடுத்துட்டா நல்லா இருந்தவங்க இருக்காங்க. ஆனா உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது டீச்சர்." என்மேல் இரக்கப்பட்டுத்தான் கடைசி வாக்கியத்தைச் சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது.

வெளியே வந்தேன். அப்பா மருந்துக் கடைக்குப் போயிருந்தார். நீ ஃப்ளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாய். மீசை அரும்பிக்கொண்டிருந்த முகம். "என்னம்மா சொன்னாங்க? நான் அடிச்சதாலயா?" என்று கேட்டாய். ஒரே ஒரு சொல்தான் தேவைப்பட்டது. டாக்டர் யோசிக்காமல் சொன்ன அதே சொல்லை நானும் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "நடந்தது நடந்துபோச்சு. இனி இதைப் பத்தி யார்கிட்டயும் பேசாதே. அக்காகிட்டயும் பேசாதே."

நான் பொய் சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாக்கியத்தை இலக்கணம்போல் பிரித்துப் பார்த்தால் அதில் பொய் இல்லைதான். ஆனால் உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். மாறட்டும் என்றே விட்டேன். அந்த எட்டு மாதத்தை நான் ஒருத்தியாகத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. உன் தோளில் ஒரு பக்கத்தைச் சாய்த்துவிட்டேன். ஊரில் யாராவது "ஏன் டீச்சர் முன்னாடியே பாக்கலே?" என்று கேட்டால், "பையன் அடிச்சதுல ஆரம்பிச்சது" என்று சொல்ல ஒரு பதில் கிடைத்தது. கேட்டவர்களுக்கு அது போதுமாக இருந்தது. எனக்கும் அது பழகிவிட்டது.

நாக்கில் பாதியை எடுத்தார்கள். நாலு வருஷம் இருந்தாள். நுரையீரலில் இருந்தது மெதுவாகத்தான் வளர்ந்தது, அந்தக் கட்டியின் சுபாவம் அது. மருந்து எதுவும் அதை அசைக்கவில்லை. நீ அவளுக்குக் கஞ்சியை வடிகட்டிக் கொடுத்தாய், காலேஜ் போகாமல் கூடவே இருந்தாய், அவள் சிலேட்டில் எழுதியதை வாசித்துக் காட்டினாய். அவள் என்னைப் பற்றி எழுதிய கிண்டலையெல்லாம் நான் வரும்முன் அழித்துவிடுவாய் என்பதும் எனக்குத் தெரியும். அப்போதெல்லாம் நீ அவளிடம் ஒரு தடவை கேட்டிருந்தால், "போடா லூசு" என்று எழுதியிருப்பாள், உனக்கு விடுதலை கிடைத்திருக்கும். நான் பேசாதே என்று சொன்னதால் நீ கேட்கவில்லை. என் பேச்சை மீறாத பிள்ளை என்று உன்னைப் பற்றி எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடக்கத்தன்று உன் அத்தை, அப்பாவின் தங்கை, கூடத்தில் உட்கார்ந்து, "என்னத்துல வந்துச்சுங்க அண்ணி, இந்த வயசுல?" என்று கேட்டாள். நீ கதவோரம் மெழுகுவத்திக் கட்டு ஒன்றை வைத்துக்கொண்டு நின்றாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், "சின்ன வயசு வெளையாட்டு. அடிபட்டதுல ஆரம்பிச்சது." அது முழுப் பொய். எந்த இலக்கணத்தை வைத்துப் பிரித்தாலும் பொய்தான். நீ மெழுகுவத்திகளைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாய். குழிமேட்டில் எல்லாரும் ஒரு பிடி மண் போட்டோம், நீ கையைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

அப்பா சாகும்வரை உன்னை நினைத்துத்தான் கவலைப்பட்டார். டாக்டர் சொன்னது அவருக்குத் தெரியும், அவரிடம் சொல்லியிருந்தேன். கடைசியாகப் படுத்திருந்தபோது, உன்னைக் கூப்பிடுவதுபோலவே சாமி என்று சொல்லிக் கேட்டார், "சாமி ஏன் இப்பிடி ஒதுங்கியே நிக்குது? டாக்டரம்மா சொன்னத அதுகிட்டச் சொல்லிப் போட்டயா புள்ள?" "அப்பவே சொல்லிட்டேன்" என்றேன். அவர் என்னை நம்பினார். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பியே வாழ்ந்த மனிதர்.

மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள் நான். பூசையில் பராக்குப் பார்த்தது, வேலைக்காரியிடம் எரிந்து விழுந்தது என்று எண்ணி எண்ணிச் சொல்வேன். இதைச் சொன்னதில்லை. வளைகாப்பு முடிந்து வந்த மறுநாள் போய் முழங்கால் போட்டேன், அப்போதும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மன்னிப்புக் கொடுத்திருப்பார், நான் லேசாகிப்போய் உனக்கு எழுதாமலேயே இருந்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும். முதலில் கேட்கவேண்டியவன் நீ.

பழைய விஷயத்தை எழுதுவதற்கு முன், இன்றைக்கும் அது சரிதானா என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஜெசிந்தாவின் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு சேலத்துக்குப் போனேன். அந்த டாக்டரம்மா இப்போது இல்லை. அந்த இடத்தில் ஓர் இளைஞர் இருந்தார். பொறுமையாக ஒரு காகிதத்தில் வரைந்தே காட்டினார். ஏதோ ஒரு செல், அது பிரியும்போது எக்ஸ் குரோமோசோமிலும் பதினேழாவது குரோமோசோமிலும் ஒவ்வொரு இடத்தில் உடைகிறது. உடைந்த துண்டு தன் இடத்துக்குப் போகாமல் மற்றதில் போய் ஒட்டிக்கொள்கிறது. சம்பந்தமில்லாத இரண்டு மரபணுக்கள் ஒன்றாகி, அந்தச் செல்லைப் பெருகு, பெருகு என்று விடாமல் ஏவுகின்றன. இது அம்மா அப்பாவிடமிருந்து வருவதில்லை. பிள்ளைக்குப் போவதுமில்லை. அடி, சாப்பாடு, பழக்கம் என்று எதுவும் இதற்குக் காரணம் என்று கண்டுபிடிக்கப்படவில்லை. "எந்தச் செல்லுன்னு இப்பவாவது தெரியுமா தம்பி?" என்று கேட்டேன். "என்ன உடைஞ்சதுன்னு தெரியும்மா. எங்க உடைஞ்சதுன்னு இன்னும் தெரியல" என்றார். அந்தக் காகிதத்தையும் ரிப்போர்ட்டின் நகலையும் இதோடு வைத்திருக்கிறேன். என் வார்த்தையை நீ நம்ப வேண்டியதில்லை. சென்னையில் எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் காட்டிக் கேள். கேட்ட பிறகு, ஸ்கேன் எடுக்கிற அந்த அம்மாளைத் தொந்தரவு செய்வதை நிறுத்து.

அறிவுரை சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனால் சொல்லாமல் இருக்கவும் வரவில்லை. உன் குழந்தை நாளைக்கு வந்து எதையாவது காட்ட நின்றால், கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டுத் திரும்பு. ஒன்றுமில்லாத கொசுக்கடியாக இருந்தாலும் பார். அது ஏதாவது செய்வதை நிறுத்திவிட்டால், ஏன் நிறுத்தினாய் என்று மிரட்டாதே, எங்கே வலிக்கிறது என்று கேள். ஒரு கஷ்டம் வந்தால் யார்மேல் தப்பு என்று தேடுகிற அவசரம் உனக்கும் இருக்கிறது, என்னிடமிருந்து வந்தது அது. என்ன வித்தியாசம் என்றால், நான் தேடி உன்னைக் கண்டுபிடித்தேன், நீயும் தேடி உன்னையே கண்டுபிடித்துக்கொண்டாய்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதி இரண்டு முறை அடித்துவிட்டேன். அப்படிக் கேட்டால் அதுவும் உன் தலையில் இன்னொரு பாரமாகத்தான் போகும். உனக்குக் கோபம் வரும், வரவேண்டும். பதினைந்து வயதுப் பையனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தர என்னால் முடியாது.

நேற்று கவிதாவின் அம்மா ஃபோன் செய்தார். அவர்கள் வீட்டில் குழந்தை பிறந்ததும், நல்ல குணமுள்ள பெரியவர் ஒருவர் முதலில் கையில் வாங்கி நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பாராம், அவர் குணம் குழந்தைக்கு வருமாம். "நீங்கதானுங்க வெக்கணும், உங்களாட்டம் ஒழுக்கமா வளரணுமுங்க" என்றார். பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர எதுவும் தரக்கூடாது என்று டாக்டர்கள் சொல்வதை முதலில் சொன்னேன். "அப்பச் சும்மா கையிலயாவது வாங்குங்க" என்றார். நான் வாங்கமாட்டேன், வேறு யாரும் வாங்கவேண்டாம், அருள்தான் வாங்கவேண்டும் என்றேன்.

"அவரு கை நீட்டலீன்னா என்னங்க பண்றது?"

"நர்ஸை அப்படியே நிக்கச் சொல்லுங்க. நீங்க யாரும் குறுக்க கை நீட்டாதீங்க."

"எத்தன நேரமுங்க நிப்பாங்க?"

"அவன் வாங்கற வரைக்கும்" என்றேன்.

அன்றைக்கு நான் அங்கே இருக்கமாட்டேன். நீ கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்கமாட்டேன், இங்கேயே ராசிபுரத்தில் இருந்துகொள்வேன். பிள்ளையா பெண்ணா, எடை எவ்வளவு என்பதையெல்லாம் கவிதா சொல்லும்போது சொல்லட்டும். நீ தூக்கினாயா என்பதை மட்டும் நான் அவளிடம் கேட்பேன்.

அம்மா